படிவத்தில் இரண்டு பேர்

தனஞ்சயனின் கதிரை வெறுமையாக இருந்ததைப் பஸ்மியா முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மணி ஒன்று பத்து. பேராசிரியர் பாக்கியரத்தினத்தின் கருத்தரங்கு அறையில் நான்கு மணித்தியாலம் அடைபட்டுக் கிடந்துவிட்டு அப்போதுதான் ஆய்வுகூடத்துக்கு வந்திருந்தாள். நாளை மறுநாள் கொழும்பில் அவர் ஆற்றவிருந்த உரைக்கு வரைபுகள் செய்துகொடுப்பது அவளுக்கு இட்ட வேலை. அவளுடைய ஆய்வுக்கும் அந்த உரைக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனாலும் மேற்பார்வையாளர் சொன்னால் செய்யத்தான் வேண்டும். அந்த அறைக்குள் கைத்தொலைபேசி கொண்டுபோகக் கூடாது என்பதும் அவர் போட்ட சட்டந்தான்.

கடைசியில் அவருடைய மேசைத் தொலைபேசி ஒலித்தது. எடுத்துக் கேட்டார். ஒரு சொல்லும் பேசாமல் வைத்தார். "சரி, இண்டைக்குக் காணும்," என்று மட்டும் சொல்லிவிட்டுக் குடையைக்கூட எடுக்காமல் வெளியே இறங்கிப் போனார்.

வெளியே மழை சரிந்து பெய்தது. மார்கழி வாடைக்காற்று தென்னைகளைப் பிடித்து உலுப்பியது. ஆய்வுகூட யன்னலில் இருந்து பார்த்தால் பீடத்தின் சின்ன இறங்குதுறை தெரியும். வெள்ளை நிற இயந்திர வள்ளம் கட்டிக் கிடக்கவேண்டிய இடத்தில் தண்ணீர் மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

அவள் மணியைத் திரும்பவும் பார்த்தாள்.

தனஞ்சயன் விடிய ஆறரைக்குப் புறப்பட்டவன். பத்து மணிக்குள் வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தான். அவனும் அவளும் அந்தக் கடல்சார் பீடத்தில் ஒரே வருடம் முதுதத்துவமாணிப் பட்டத்துக்குப் பதிந்தவர்கள். இருவருக்கும் மேற்பார்வையாளர் பாக்கியரத்தினம்தான். அவள் கிண்ணியாக் களப்பின் மட்டிகளை ஆராய்ந்தாள். அவன் கொட்டியாரக் குடாவின் அடிச்சேற்றை ஆராய்ந்தான்.

கடலுக்கு எவரும் தனியே போகக் கூடாது என்று பீடத்தில் விதி இருந்தது. அதற்கொரு படிவமும் இருந்தது. போகிறவர் பெயர், துணையாகப் போகிறவர் பெயர், எந்தெந்த இடம், இருவரின் கையெழுத்து, வீட்டாரின் தொலைபேசி இலக்கம். எல்லாம் இருந்தது, துணைக்குப் போகத்தான் ஆள் இல்லை. படகோட்டி ஓய்வுபெற்று எட்டு மாதமாகியும் புது ஆள் வரவில்லை. பட்டப்பின் மாணவர்கள் ஆளுக்கொரு வேலையில் கிடந்து முறிந்தார்கள். அதனால் ஒருவருக்கொருவர் கையெழுத்து வைத்துக் கொடுத்தார்கள். வைத்தவர் கரையில் இருப்பார். மற்றவர் தனியே போய்வருவார்.

நேற்றுப் பின்னேரம் பஸ்மியாவும் கையெழுத்து வைத்தாள். இந்த முறை உண்மையாகவே கூடப் போகத்தான் இருந்தாள். காலை ஆறு மணிக்குப் பேராசிரியரிடமிருந்து செய்தி வந்தது, ஒன்பதுக்கு அறையில் நிற்க வேண்டும் என்று.

"நீங்கள் நில்லுங்கோ பஸ்மியா. நான் ஓடிப்போட்டு வாறன்," என்றான் தனஞ்சயன். "இந்த அமாவாசைத் தண்ணியை விட்டா எனக்கு மூண்டு மாச வேலை வீணாப் போகும்."

அவள் சரி என்றாள். அவன் என்ஜினை இழுத்து முடுக்குவதைப் பார்த்துக் கையும் காட்டினாள்.

இப்போது அவனை அழைத்துப் பார்க்கப் பைக்குள் இருந்து கைத்தொலைபேசியை எடுத்தாள். திரையில் வாப்பாவின் பெயர். பதினான்கு அழைப்புகள். அவளுக்கு வீட்டில்தான் ஏதோ நடந்துவிட்டதென்று பட்டது. உடனே அழைத்தாள்.

"வாப்பா?"

மறுமுனையில் யாரோ மூச்சை உள்ளே இழுப்பது கேட்டது. பிறகு உம்மாவின் குரல் வீட்டுக்குள் ஓடியது. "யா அல்லாஹ், புள்ள கதைக்குது! புள்ள கதைக்குது!"

வாப்பா சரீப் தொலைபேசியைப் பறித்தெடுத்திருக்க வேண்டும். "மகள், எங்க இரிக்காய்? ஆரு உன்னக் கடல்ல இருந்து தூக்கின?"

"நான் கடலுக்கே போகல்ல வாப்பா. கெம்பஸ்லதான் இரிக்கன்."

"கெம்பஸ் கந்தோர்ல இருந்து கோல் வந்திச்சே. போட்டக் காணல்லயாம், ரெண்டு பேராம், ஒண்டு நீயாம். உன்ட கையெழுத்து இரிக்காம். குறிஞ்சாக்கேணி ஊரே நம்மட வாசல்ல நிக்குது மகள். முனீப் மாமாவும் ஆக்களும் மூணு வள்ளத்துல உன்னத் தேடிப் போயிட்டாங்க."

படிவம். அந்தப் படிவம் இப்போது யாருடைய கையிலோ இருக்கிறது. பொய்க் கையெழுத்துக்குப் பதிவை ரத்துச் செய்யலாம் என்று அதன் அடியிலேயே அச்சடித்திருப்பார்கள். இரண்டு வருட வேலை. பெண்பிள்ளைக்கு இவ்வளவு படிப்பு எதற்கென்று கேட்ட வாய்களுக்கு வாப்பா ஒவ்வொன்றாகச் சொல்லி வந்த பதில்கள்.

அடுத்து அவள் சொன்னதை நினைத்துப் பிறகு பல நாள் தன்னைத் தானே வெறுத்தாள்.

"வாப்பா, நான் இஞ்ச இரிக்கிறத இப்ப ஆருக்கும் சொல்லாதீங்க."



"அந்தப் பொடியன் எங்க மகள்?" என்று கேட்டார் சரீப்.

அழைப்பைத் துண்டித்தாள்.

ஆய்வுகூடத்துப் படிக்கட்டில் ஏழு நிமிடம் இருந்தாள். நேரத்தைப் பார்த்துப் பார்த்து இருந்தபடியால் அது ஏழு நிமிடம் என்று அவளுக்குத் தெரியும். எழும்பிப் போய்ச் சொல்லு என்று ஒரு மனம் சொன்னது. மற்ற மனம் எதுவும் சொல்லவில்லை. காலைத்தான் கட்டிப்போட்டது. தனஞ்சயன் தானாகவே கரை சேர்ந்துவிடுவான், சேர்ந்துவிட்டால் ஒன்றும் நடக்காததுபோல் ஆகிவிடும் என்று ஒரு கள்ள நம்பிக்கை இடையில் வந்து வந்து போனது. காற்று கூரைத் தகடொன்றைப் பெயர்த்து எறிந்த சத்தத்தில்தான் திடுக்கிட்டு எழும்பினாள். மழைக்குள் இறங்கி ஓடினாள்.

இறங்குதுறையில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். பீடக் கந்தோரில் எழுத்து வேலை பார்க்கும் லிகிதர் ஸைனுலாப்தீன் பிளாஸ்டிக் உறைக்குள் போட்ட படிவத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தார். பக்கத்தில் கடற்படை அதிகாரி ஒருவர் கைவானொலியில் சிங்களத்தில் பேசிக்கொண்டிருந்தார். கொஞ்சம் தள்ளிப் பேராசிரியர், தலையில் இருந்து கால்வரை நனைந்து, கடலைப் பார்த்தபடி.

ஸைனுலாப்தீன்தான் முதலில் திரும்பினார். பேயைக் கண்டவர் போல ஒரு அடி பின்னுக்கு வைத்தார்.

"பிள்ளை... நீங்க போட்ல இல்லையா?"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பேராசிரியர் இங்கே வந்து எப்படியும் கால்மணி நேரம் இருக்கும். காலை முழுக்க அவளைத் தன் கண்முன்னே வைத்திருந்தவர். இரண்டு பேரைக் காணவில்லை என்று இத்தனை பேர் பதறிக்கொண்டு நிற்க, ஒருத்தி என் அறையில் இருந்தாள் என்று அவர் வாய் திறக்கவில்லை.

அவர் அருகே வந்தார். குரலைத் தாழ்த்தினார். "யோசிச்சுக் கதையுங்கோ பஸ்மியா. உங்கட எதிர்காலமும் இருக்கு."

மிரட்டல் போல அது கேட்கவில்லை. அவருடைய கீழுதடு நடுங்கிக்கொண்டிருந்தது. இந்த மனிதரும் பயந்துபோய்த்தான் நிற்கிறார் என்று கண்டபோது அவளுடைய பயம் இன்னும் கூடியது. பெரிய ஆட்களே இப்படி நடுங்கினால் சின்ன ஆள் என்ன செய்வது?

"எந்த இடத்தில தேடுறாங்க?" என்று ஸைனுலாப்தீனிடம் கேட்டாள்.

"படிவத்தில இருக்கிற நாலு இடத்திலயும். உள்துறைமுகம் முழுக்கத் தேடியாச்சு. ஒண்டுமில்லை."

கடற்படை அனுமதி கொடுத்தது அந்த நாலு இடத்துக்கும்தான். ஆற்று முகத்துவாரச் சேறும் இருந்தால்தான் ஆய்வு தேறும் என்று ஐப்பசியில் பேராசிரியர் தனஞ்சயனிடம் சொல்லியிருந்தார். புது அனுமதிக்கு மூன்று மாதம் செல்லும், நீர் சும்மா போய் அள்ளிக்கொண்டு வாரும், படிவத்தில் பழையபடி எழுதும் என்றும் சொன்னார். அதைச் சொன்னபோது பஸ்மியாவும் அதே அறையில்தான் நின்றாள். இன்று தனஞ்சயன் அங்கேதான் போனான். அது தெரிந்தவர்கள் உலகத்தில் மூன்று பேர். ஒருவன் கடலில். மற்ற இருவர் இந்த இறங்குதுறையில்.

அவள் பேராசிரியரின் முகத்தைப் பார்த்தாள். அவர் திரும்பவும் கடலைப் பார்த்தார்.

"ஒராள்தான் போனது," என்றாள். குரல் அவளுடையதாகவே இல்லை. "நான் கையெழுத்து மட்டும் வைச்சனான். போகேல்லை. தனஞ்சயன் தனியத்தான் போனவர். இந்த நாலு இடத்துக்குமில்லை. மகாவலி முகத்துவாரத்துக்குப் போனவர். பாக்கியரத்தினம் சேர்தான் போகச் சொன்னவர்."

ஸைனுலாப்தீன் அதைச் சிங்களத்தில் சொன்னார். அதிகாரி வரைபடத்தை விரித்தார். மழை அதன்மேல் பட்டுப் பட்டுத் தெறித்தது. அவர் விரலால் அளந்து பார்த்து ஏதோ சொன்னார்.

"மூண்டு மணித்தியாலமா பிழையான இடத்தில தேடியிருக்கிறம் எண்டு சொல்றார்," என்றார் ஸைனுலாப்தீன். "இப்ப திருப்பினாலும் அங்க போக நேரம் எடுக்குமாம்."

பஸ்மியா மறுபடியும் வாப்பாவை அழைத்தாள். "வாப்பா, எல்லாருக்கும் சொல்லுங்க, நான் உசிரோட இரிக்கன். முனீப் மாமாக்கள் எங்க?"

"கொட்டியாரக் குடாக்குள்ள. ஏன்?"

"என்னத் தேட வேணாமெண்டு சொல்லுங்க. ஆத்து முகத்துவாரத்துக்குப் போகச் சொல்லுங்க. அவர் அங்கதான்."

சரீப் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு காத்திருப்பு. இரண்டு மணி, மூன்று மணி. யாரோ தேநீர் கொண்டுவந்து கையில் வைத்தார்கள், அது ஆறி மழைத்தண்ணீர் நிறைந்து வழிந்தது. ஒவ்வொரு முறை வானொலி கரகரத்தபோதும் அவள் ஸைனுலாப்தீனின் வாயைப் பார்த்தாள். தனஞ்சயனின் உயிர்காப்பு அங்கியின் கொளுக்கி போன மாதமே உடைந்துவிட்டது. நைலோன் கயிற்றால் கட்டிக்கொண்டுதான் போவான். முடிச்சு இறுகியிருக்குமா என்ற ஒரே கேள்வி அவளுடைய தலைக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. பேராசிரியர் எப்போது போனார் என்று தெரியவில்லை. பார்த்தபோது அவர் நின்ற இடத்தில் ஆள் இல்லை.

ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்க வாப்பா அழைப்பு எடுத்தார்.

"ஆள் கிடைச்சிட்டு மகள். மூச்சு இரிக்கி."

அவள் ஈரக் கொங்கிரீட்டில் அப்படியே குந்தினாள். ஸைனுலாப்தீன் வானத்தைப் பார்த்து இரண்டு கையையும் ஏந்தினார்.

வள்ளம் முகத்துவாரத்துக்கு வெளியே, ஆற்று வெள்ளமும் அலையும் முட்டுகிற இடத்தில் கவிழ்ந்திருந்தது. தனஞ்சயன் நங்கூரக் கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு, கவிழ்ந்த வள்ளத்தின் அடியில் ஒட்டிக் கிடந்தான். இடது தோள் மூட்டு விலகியிருந்தது. முனீபின் வள்ளம் போய்ச் சேர்ந்தபோது கயிற்றை அவிழ்க்க விடமாட்டேன் என்று அவன் அவர்களோடு சண்டை பிடித்தானாம். கடைசியில் கயிற்றை வெட்டித்தான் ஏற்றினார்கள்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். அவன் மயக்க மருந்தில் கிடந்தான். கட்டிலடியில் அவனுடைய அக்கா தர்சிகா இருந்தாள். பஸ்மியாவை மேலும் கீழும் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்.

"நீங்களும் கூடப் போறதெண்டுதானே அவன் வீட்டில சொன்னவன்?"

பஸ்மியா கொண்டுவந்த தோடம்பழப் பையை மேசையில் வைத்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டாள்.

பத்து நாள் கழித்துக் கடிதம் வந்தது. பட்டப்பின் கற்கைகள் பிரிவுக்கு மூன்று மாதத்துக்கு முன் பொறுப்பேற்ற கலாநிதி சுஹைரா கையொப்பமிட்டிருந்தார். பட்டப்பின் மாணவர்களின் நிலைமைகளை ஆராயும் குழுவின் முன் சமுகமளிக்கவும் என்று இரண்டே வரி. உம்மா அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "படிச்சது போதும் மகள். கடலும் வேணாம், பட்டமும் வேணாம்," என்றாள். அன்று தன்னை மௌத்தாகிவிட்டதாக நினைத்து அழுத உம்மாவின் முகம் இன்னும் வீக்கம் வற்றாமல் இருப்பதுபோல் பஸ்மியாவுக்குத் தெரிந்தது.

குழுவுக்கு முதல் நாள் பேராசிரியர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் அவளுடைய ஆய்வேட்டின் இரண்டு அத்தியாயங்கள் கிடந்தன. ஏழு மாதத்துக்கு முன் கொடுத்தவை. மேல்தாளில் தேநீர்க் கோப்பை வைத்த வட்டம்.

"இருங்கோ," என்றார். அவர் ஒருநாளும் இருக்கச் சொன்னதில்லை. "நாளைக்கு என்ன சொல்லப் போறீங்கள்?"

"நடந்ததைத்தான் சேர்."

"கையெழுத்து வைச்சது நீங்கள். அது எனக்குத் தெரியாது. முகத்துவாரத்துக்குப் போகச் சொன்னதுக்கு எழுத்தில ஒண்டுமில்லை. அண்டைக்குப் பதட்டத்தில ஏதோ சொல்லிப்போட்டன் எண்டு சொல்லுங்கோ, அதோட முடிஞ்சுது. இதை நான் தை மாதத்துக்குள்ள பாத்துத் தருவன். வருசம் முடிய முதல் பட்டம் எடுக்கலாம்." தாள்களை விரலால் தட்டினார். "இல்லையெண்டால், உங்கட துறையில இந்த நாட்டில பரீட்சகரா இருக்கக்கூடிய ஆக்கள் ஆறேழு பேர். எல்லாரும் எனக்குத் தெரிஞ்சவை."

அவள் எழும்பி வந்தாள். கிண்ணியா பஸ்ஸில் யன்னலோரம் இருந்தவளுக்குப் பாலம் கடந்ததும் தெரியவில்லை, தன் இறக்கத்தைத் தாண்டி இரண்டு தரிப்பிடம் போனதும் தெரியவில்லை.

குழு கூடிய அறையில் மூன்று பேர் இருந்தார்கள். பேராசிரியர் இல்லை. மேற்பார்வையாளர் இருக்கும் அறையில் மாணவரைக் கேட்பதில்லை என்று சுஹைரா முதலே தீர்மானித்திருந்தார். ஐம்பது வயது மதிக்கலாம். மூக்கில் கண்ணாடி இறங்கிக்கிடக்க, எதையும் சுற்றி வளைக்காமல் பேசினார்.

"பஸ்மியா, ஒண்டை முதலே சொல்லிவிடுறன். பொய்யாக் கையெழுத்து வைச்சதுக்கு உங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் வரும். அதை நிப்பாட்ட என்னால ஏலாது. பதிவை எடுக்க மாட்டம். அதுக்கு நான் பொறுப்பு. இதைத் தெரிஞ்சுகொண்டு பேசுறதெண்டால் பேசுங்கோ. வேண்டாமெண்டால் எழும்பிப் போகலாம், அதையும் பிழையா எழுத மாட்டன்."

பஸ்மியா தண்ணீர்க் கிளாசை எடுத்தாள். தண்ணீர் மேசையில் சிந்தியது. தன் கைலேஞ்சியால் அதைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்தாள். மூன்று பேரும் காத்திருந்தார்கள்.

"அது முதல் தடவை இல்லை," என்றாள் கடைசியில். "நான் மற்றவைக்குப் பதினொரு தடவை வைச்சிருக்கிறன். எனக்கு மற்றவை வைச்சிருக்கினம். களப்புக்கு நான் தனியப் போன நாள்தான் கூட."

அதற்குப் பிறகு நிற்கவில்லை. முகத்துவாரம், அனுமதி, படகோட்டி, உடைந்த கொளுக்கி, ஏழு மாதம் கிடந்த அத்தியாயங்கள், நேற்று அந்த அறையில் அவர் சொன்னது. அன்று இறங்குதுறையில் அவர் பேசாமல் நின்றது. படிக்கட்டில் தான் இருந்த ஏழு நிமிடத்தையும் சொன்னாள். அதை ஒருவரும் கேட்கவில்லை. ஆனால் அதை விட்டுவிட்டு மற்றதைச் சொன்னால் சொன்னதெல்லாம் பொய்யாகிவிடும்போல் இருந்தது.

சுஹைரா ஒரு கோப்பைத் திறந்து அவள் பக்கம் திருப்பினார். மூன்று வருடத்துப் படிவங்கள்.

"நாங்களும் பாத்தம். அறுபத்து மூண்டு பயணம். திரும்பத் திரும்ப அதே அஞ்சாறு பேர்தான் துணை. இதில ஒரு பிள்ளை, பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில இருந்த நாளில கடலுக்குத் துணையாப் போயிருக்கிறா." ஒரு நிமிடம் அவர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். "இந்தப் படிவமெல்லாம் எங்கட கந்தோர் முத்திரையோடதான் கிடக்குது. ஒருத்தரும் வாசிக்கேல்லை. உங்கட பிழை ஒரு பங்கு. இது எங்கட பங்கு."

வெளியே வந்தபோது சுவரோரத்து வாங்குப் பலகையில் இன்னொரு மாணவன், அர்ஷாக், முழங்காலை ஆட்டிக்கொண்டு இருந்தான். "என்ன கேட்டவை? நீங்கள் எல்லாத்தையும் சொன்னீங்களா?" என்று அடித்தொண்டையில் கேட்டான்.

"ஓம்," என்றாள். அவன் முகம் வெளிறிப்போனது. ஆனாலும் பெயர் கூப்பிட்டபோது எழும்பி உள்ளே போனான். அன்றும் மறுநாளும் ஒன்பது பேர் போனார்கள் என்று பிறகு ஸைனுலாப்தீன் சொன்னார். இரண்டு பேர் வாசல் மட்டும் வந்து திரும்பினார்களாம்.

மாசி முடிவதற்குள் சில மாற்றங்கள் வந்தன. ஒவ்வொரு பட்டப்பின் மாணவருக்கும் இரண்டாவது மேற்பார்வையாளர் ஒருவர். கொடுத்த அத்தியாயத்தை ஆறு வாரத்துக்குள் பார்த்துக் கொடுக்காவிட்டால் அது தானாக அவரிடம் போகும். ஆய்வோடு சம்பந்தமில்லாத வேலையை மாணவர் மறுக்கலாம், மறுத்ததைச் சுஹைராவின் கந்தோருக்கு எழுதியும் வைக்கலாம். அன்ஸார் என்ற புதிய படகோட்டி வந்தார். மாதம் ஒருநாள் மாணவர்கள் மட்டும் கூடிப் பேசுவதற்கு ஒரு அறையும் தேநீரும் ஏற்பாடாகின. முதற் கூட்டத்துக்கு வந்தது மூன்று பேர். மூவரும் கதவுப் பக்கம் பார்த்துப் பார்த்துத்தான் பேசினார்கள்.

பேராசிரியர் பாக்கியரத்தினத்துக்கு இரண்டு வருடத்துக்குப் புது மாணவர்கள் இல்லை என்று முடிவாயிற்று. பதவி அப்படியே இருந்தது. தாழ்வாரத்தில் எதிர்ப்பட்டால் சுவரைப் பார்த்துக்கொண்டு நடப்பார். அவர் சொன்ன ஆறேழு பரீட்சகர்களும் இன்னும் எங்கோ இருந்தார்கள். எச்சரிக்கைக் கடிதம் பஸ்மியாவின் கோப்புக்குள் ஏறியது. பேராசிரியரின் சப்பாத்துச் சத்தம் கேட்டால் இன்றைக்கும் அவளுக்கு உள்ளங்கை வேர்க்கும்.

பங்குனியில் தனஞ்சயன் திரும்பி வந்தான். தோளை முழுக்க உயர்த்த ஏலாது. சேற்று வேலையை விட்டுவிட்டு, எடுத்து வைத்திருந்த மாதிரிகளை வைத்தே ஆய்வை முடிக்க இரண்டாவது மேற்பார்வையாளர் வழி செய்து கொடுத்திருந்தார். பஸ்மியா அவனிடம் மன்னிப்புக் கேட்கப் பல தடவை வாயெடுத்தாள். ஒவ்வொரு தடவையும் அவன் வேறு கதைக்குப் போனான்.

ஒரு காலை, அவளுடைய களப்புப் பயணத்துக்குத் துணையாக அவனே வருவதாகச் சொன்னான். கடல் கண்ணாடிபோல் கிடந்தது. அன்ஸார் புது அங்கிகளை இருவருக்கும் மாட்டிக் கொளுக்கியை இழுத்துப் பார்த்தார். பஸ்மியா ஏறி இருந்தாள். தனஞ்சயன் ஒரு காலை வள்ளத்துக்குள் வைத்தான். வள்ளம் இலேசாக ஆடியது. மற்றக் கால் இறங்குதுறையிலேயே நின்றது. அவன் முகத்தில் வேர்வை அரும்பியது.

"ஏலாமல் இருக்கு பஸ்மியா," என்றான். "நீங்கள் அன்ஸார் அண்ணையோட போங்கோ. நான் வந்ததெண்டு..." சொல்லிக்கொண்டு போனவன் பாதியில் நிறுத்தினான்.

அன்ஸார் என்ஜினை நிறுத்தினார். "ரெண்டு மாணவர், இல்லாட்டிப் பயணமில்ல தம்பி. எனக்கு ஓடர் அப்பிடி."

பஸ்மியா கந்தோருக்கு அழைப்பு எடுத்தாள். இந்த மாதத்து மட்டிகள் தவறிவிடும் என்பது நெஞ்சில் இடித்தது. சுஹைராதான் பேசினார்.

"இண்டைக்குப் போகேல்லை மேடம்," என்றாள். "அவருக்குப் பயமா இருக்குதாம்." சொல்லிவிட்டு, வழக்கம்போல் ஏச்சு வரப்போகிறதென்று கண்ணை மூடிக்கொண்டாள்.

"அப்ப இறங்குங்கோ," என்றது மறுமுனை. "சனிக்கிழமை மற்ற மாணவி ஷிஃபானாவுக்கு வேலையில்லை, அவவைக் கேட்டுப் பாக்கிறன். ரெண்டு பேரும் சாப்பிட்டீங்களா?"

அவள் இறங்கினாள். இறங்கிய பிறகுதான் தனக்கும் நிம்மதியாக இருப்பது தெரிந்தது. அவளுக்கும் போக விருப்பமில்லாமல்தான் இருந்திருக்கிறது, அதைத் தனக்கே சொல்லவில்லை. இருவரும் இறங்குதுறை விளிம்பில் அங்கிகளைக் கழற்றாமலே இருந்தார்கள். அன்ஸார் வலைத் துண்டொன்றை எடுத்துக்கொண்டு வள்ளத்தின் மறுமுனைக்குப் போய்விட்டார்.

தனஞ்சயன்தான் முதலில் பேசினான்.

"அண்டைக்குத் தண்ணிக்குள்ள கிடக்கேக்க, உங்களைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தா எண்டு ஒருக்கா நினைச்சனான். பிறகு, நல்லகாலம் வரேல்லை எண்டும் நினைச்சனான். மாறி மாறி. எது முதல் நினைச்சதெண்டு இப்ப தெரியேல்லை."

பஸ்மியா அவனைப் பார்க்காமலே படிக்கட்டில் இருந்த ஏழு நிமிடத்தைப் பற்றிச் சொன்னாள். அவன் இடையில் குறுக்கிடாமல் கேட்டான். பிறகு, முதல் அலை வள்ளத்தில் ஏறியதில் இருந்து தனக்கு நடந்ததை அவளுக்குச் சொல்லத் தொடங்கினான்.